மலைவழி மிதிவண்டி

மிதிவண்டி சமநிலத்திற்கென்றே தோன்றிய ஊர்தி. 1817-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு மான்கைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் செய்து ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. இரண்டு மரச்சக்கரங்களின் நடுவே அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்திச் செல்வதே அதன் முறை. 1860-களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டினர். அவ்வண்டி கல் பாவிய தெருவில் ஓடுங்கால் ஏறியவர் உடல் முழுதும் அதிர்ந்தமையால், ஆங்கிலேயர் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயரிட்டனர். வண்டி தோன்றிய நாள்தொட்டே, விரைந்து செல்லும் வழியோடு நோகாமல் அமரும் வழியையும் மக்கள் தேடி வந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்றாகும்.

ஸ்காட்லாந்தில் பிறந்து, அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்பார், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் அதிராது ஓட வேண்டுமென எண்ணினார். ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தின்மேல் சுற்றினார். 1888-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். நீங்கள் பள்ளிக்கு ஏறிவரும் வண்டியின் காற்றடைத்த டயர், ஒரு சிறுவனின் உடல் நோகாதிருத்தற்பொருட்டுத் தந்தை செய்த ஏற்பாட்டின் வழிவந்ததாகும்.

இத்தகைய வண்டி மலைக்கு எவ்வாறு சென்றது? அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் என்றொரு மாவட்டம் உளது. டமால்பைஸ் என்னும் மலை அங்கே நிற்கிறது. 1970-களில் அப்பகுதி இளைஞர் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் வண்டிகளைத் தேடி வாங்கி, காட்டுத்தீயை அணைப்பார் செல்வதற்கென வெட்டப்பட்ட மண்பாதைகளில் ஓட்டி இறங்கினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், பேர்பாக்சு என்னும் சிற்றூரின் அருகே ஒரு பந்தயமும் நடத்தினர். ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் பாதை அது. அப்பழைய வண்டிகளில் தடை என்பது பின்சக்கரக் குடத்தினுள்ளே இருந்தது. மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். அடிவாரம் சேர்வதற்குள் அக்குடம் சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து தீய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுமசகு அடைக்க வேண்டியிருந்தமையால், அப்பந்தயத்திற்கே 'மீண்டும் அடைத்தல்' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

பழைய வண்டிகள் இவ்வடியைத் தாங்கவில்லை, சட்டங்கள் முறிந்தன. அதனால் 1977-ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்னும் இளைஞர் மலைக்கென்றே ஒரு சட்டத்தைத் தம் கையால் செய்தார். 1979-ஆம் ஆண்டில் கேரி பிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும், டாம் ரிச்சி செய்துதந்த சட்டங்களைக் கொண்டு வண்டிகள் அமைத்து விற்கத் தொடங்கினர். 1981-இல் இவ்வகை வண்டி ஆலையில் பெருவாரியாகச் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் மலைவழி மிதிவண்டிப் பந்தயமும் இடம் பெற்றது. விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று இருபது ஆண்டுகளில் உலக அரங்கேறியது வியப்பன்றோ!

எனினும் இப்பாடத்தில் நாம் காணப்போவது பந்தய வீரரைப் பற்றியன்று. வாரநாள்களில் அலுவலோ தொழிலோ பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் மலைப்பாதையை நாடும் ஆர்வலரைப் பற்றியே காண்போம். இவரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். இச்சொல்லைத் தேர்ச்சியற்றவர் என்னும் இழிபொருளில் ஆளுவாரும் உளர். இலத்தீன மொழியில் 'அன்பு செலுத்துபவர்' எனப் பொருள்படும் சொல்லே இதன் வேர். ஊதியம் கருதாது, ஒரு செயலின்மேல் கொண்ட காதலால் அதனைச் செய்பவர் என்பதே உண்மைப் பொருள். தமிழில் 'ஆர்வலர்' என்றால் அப்பொருள் குறைவின்றி விளங்கும்.

ஆர்வலர் ஒருவர் முதன்முதலாக மூன்று மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டித் திரும்பினால், அவருக்கு நோகாத இடம் உடம்பில் இராது. தொடை நோகும், மூச்சு வாங்கும், இடுப்பு வலிக்கும், கை மரத்துப்போகும், அமர்ந்த இடம் எரியும். 'பயிற்சி போதவில்லை; இன்னும் மிகுதியாக ஓட்டுவேன்' என்று அவர் எண்ணுவார். இங்கேதான் ஆராய்ந்து தெளிய வேண்டிய செய்தி ஒன்று உளது. அவர்தம் நோவுகள் எல்லாம் ஓரினத்தனவல்ல. தொடையின் களைப்பும் மூச்சின் தளர்ச்சியும் பயிற்சியால் நீங்குவன. கை மரத்தலும், முழங்கால் வலியும், இருக்கை எரிச்சலும் பெரும்பாலும் வண்டி உடலுக்குப் பொருந்தாமையால் வருவன; ஓட்ட ஓட்ட இவை வளருமேயன்றிக் குறையா. இவ்விரண்டனையும் பிரித்தறியாதார் இருவகையில் கெடுவர். சிலர், பொறுத்தால் தீரும் களைப்புக்கு அஞ்சி வண்டியை விட்டுவிடுவர். சிலர், பொறுக்கத்தகாத வலியைப் பொறுத்து உடலைக் கெடுத்துக்கொள்வர். பின்னவர் நிலையே இரங்கத்தக்கது. ஏனெனின் அவர் ஊக்கமே அவருக்குப் பகையாகிறது.

முதலில் இருக்கையை நோக்குவோம். இருக்கை மெத்தென்று இருந்தால் நோகாது என்பது பலர் கருத்து. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, மிக மெத்தென்று இருப்பதையே வாங்குவர். இக்கருத்துப் பொருந்தாது. நாம் நிமிர்ந்து அமருங்கால் உடலின் எடையைத் தாங்குவன இடுப்பெலும்பின் அடியில் இரு புறமும் உள்ள இரண்டு முனைகளாகும். அவற்றை 'அமர்வு எலும்புகள்' எனலாம். எடை அவ்விரண்டின்மேல் நிற்கும்வரை பெருந்துன்பம் இல்லை. இருக்கை மிக மெத்தென்று இருப்பின் அம்முனைகள் அதனுள் அமிழ்ந்துவிடுகின்றன. நடுப்பகுதி மேலெழுந்து, எலும்பில்லாத மெல்லிய இடத்தை அழுத்துகிறது. அவ்விடத்திலேதான் நரம்புகளும் குருதிக் குழாய்களும் செல்கின்றன. அரைமணி நேரப் பயணத்தில் இன்பம் தந்த மெத்தை, மூன்றாம் மணியில் மரமரப்பைத் தருவதன் காரணம் இதுவே.

ஆதலின் இருக்கையின் மென்மையைவிட அகலமே முதன்மையானது. அமர்வு எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாகப் பத்து முதல் பதினான்கு சென்டிமீட்டர் வரை இருக்கும். மகளிர்க்குச் சராசரியாகச் சற்று மிகும். இதனை அளக்க மருத்துவரை நாட வேண்டுவதில்லை. பெட்டி செய்யும் நெளிவுள்ள தடித்த அட்டை ஒன்றைக் கடினமான மணைமேல் இட்டு, சற்று முன்குனிந்து சிறிது நேரம் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தோன்றும். குழிகளின் நடுவிடங்களுக்கு இடையே உள்ள தொலைவே வேண்டிய அளவு. இருக்கை அதனினும் சற்று அகன்றிருத்தல் வேண்டும். இரு முனைகளும் விளிம்பில் நில்லாது உள்ளே நிற்பதற்காக. இன்றைய இருக்கைகள் பலவற்றின் நடுவே பள்ளமோ பிளவோ விட்டிருப்பது, மெல்லிய இடத்தின் அழுத்தத்தைக் குறைத்தற்கேயாம்.

இத்தேடல் புதியதன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சேணம் செய்யும் தொழிலராக இருந்த ஜான் பூல்ட்பீ புரூக்ஸ் என்பவர், தம் குதிரை இறந்தபின் மிதிவண்டியில் செல்லத் தொடங்கி, அதன் கடின இருக்கையால் துன்புற்றே புதியதொன்றை ஆக்க முனைந்தார் என்று கூறுவர். 1882-ஆம் ஆண்டில் அவர் தோல் இருக்கைக்கு உரிமம் பெற்றார். அது பஞ்சு வைத்த மெத்தையன்று. இரும்புச் சட்டத்தின் இரு முனைகளுக்கிடையே தூளிபோல் இழுத்துக் கட்டிய தடித்த தோல். புதிதில் அது பலகைபோல் இருக்கும். சில திங்கள் ஓட்டியபின், ஓட்டுநரின் எலும்புகள் பதிந்த இடத்தில் தோல் மெல்லக் குழிந்து அவர் உடலுக்கே உரியதாகிவிடும். பிறர் ஏறினால் அவர்க்குப் பொருந்தாது!

தோல் இருக்கை ஆயினும் வேறு ஆயினும், புதிதாக ஓட்டத் தொடங்குவார்க்கு அமர்வு எலும்பின்மேல் உள்ள தசை முதல் சில வாரம் நோவது இயல்பு. அது பழகத் தீரும். மரத்துப்போதல் அவ்வாறன்று. மரமரப்புத் தோன்றியவுடன் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அடிக்கடி தோன்றினால் இருக்கையையோ அதன் சாய்வையோ மாற்றியே ஆக வேண்டும். உள்ளே மென்திண்டு தைத்த காற்சட்டையை ஓட்டுநர் அணிவர். அதன்கீழ் வேறு உள்ளாடை அணிதல் கூடாது; உள்ளாடையின் தையல்விளிம்பு தோலை உராய்ந்து புண்ணாக்கும். வீடு திரும்பியவுடன் ஈரம் தோய்ந்த அவ்வுடையைக் களைந்து குளித்தல் வேண்டும்.

இனி உயரம். நம்மவருள் பலர், இரு பாதமும் நிலத்தில் ஊன்றுமாறு இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கின்றனர். நெரிசல் மிக்க தெருவில் அது அச்சம் நீக்கும், மலையேற்றத்திற்கு உதவாது. தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அளவுமீறி மடங்கியபடியே வலிசெய்கிறது. அதனால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்த இருக்கையிலோ கால் எட்டாமையால் இடுப்பு இருபுறமும் ஆடும்; முழங்காலின் பின்புறம் இழுக்கும். நடுநிலை காண எளிய வழி ஒன்று உளது. துணைவர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டையைக் கீழெல்லைக்குக் கொணர்ந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் முழுதும் நீண்டிருத்தல் வேண்டும். பின்னர்ப் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் சிறிதே மடங்கி நிற்கும். அதுவே வேண்டிய உயரம். மாணவர்களே, உங்கள் வண்டியிலேயே இதனை இன்று மாலை சோதித்துப் பாருங்கள். அரை அங்குல மாற்றம் தொடைக்கு எத்துணை வேறுபாடு தருகிறது என்பது விளங்கும்.

கைகளின் செய்தி இதனினும் கருதத்தக்கது. சுண்டுவிரலுக்கும் அதனை அடுத்த மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் நரம்பு, உள்ளங்கையின் வெளிவிளிம்பில் மணிக்கட்டை ஒட்டிச் செல்கிறது. உடலின் எடை கைகளின்மேல் சாய்ந்து, அவ்விடம் கைப்பிடியில் நெடுநேரம் அழுந்தினால் அவ்விரல்கள் மரக்கும். பலரும் கையை உதறிவிட்டு மேலே செல்வர். உதறியும் நீங்காத மரமரப்பைப் பொருட்படுத்தாது வாரந்தோறும் ஓட்டினால், உணர்வோடு வலிமையும் குன்றிச் சட்டைப் பொத்தானை மாட்டுவதும் எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாதல் உண்டு. இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும், கைப்பிடி மிகத் தாழ்ந்தோ தொலைவிலோ இருந்தாலும் எடை முன்னே சரிந்து கைமேல் விழும். ஆகவே கைநோவுக்கு மருந்து கையுறையில் இருப்பதாக நினைத்து அதனை மாற்றிக்கொண்டே இருப்பவர், இருக்கையின் சாய்வை ஒருமுறை நோக்குதல் நன்று. நோயும் அதன் முதலும் வேறிடங்களில் இருத்தலை உடலில் பலகாலும் காணலாம்.

சக்கரத்தில் அடைக்கும் காற்று, செலவில்லாமல் நலம் தருவது. 'டயர் கல்போல் இருந்தால்தான் விரைவாக ஓடும்' என்பது வழுவழுப்பான சாலைக்கு ஓரளவு பொருந்தும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் கடின டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி இறங்கும்; அவ்வொவ்வொரு முறையும் வண்டியும் ஆளும் மேலே தூக்கப்படுகின்றனர். அதற்கான ஆற்றல் ஓட்டுநரின் காலிலிருந்தே செல்கிறது. மென்டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு செல்லும். தரையையும் நன்கு பற்றும். இரண்டேகால் அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமுடைய மலைவண்டி டயரில் சதுர அங்குலத்திற்கு 20 முதல் 30 பவுண்டு வரை அழுத்தம் வைப்பது பெருவழக்கு. பின்சக்கரம் மிகுந்த எடை தாங்குவதால் அதற்குச் சற்று மிகுத்தும், முன்சக்கரத்திற்குக் குறைத்தும் வைப்பர். மிகக் குறைந்தாலும் கேடுண்டு. கூரிய கல்லில் மோதுங்கால் டயர் முழுதும் நசுங்கி, சக்கர வளையம் கல்லில் இடிபடும்.

1989-ஆம் ஆண்டையொட்டி முன்கவையில் காற்றும் எண்ணெயும் கொண்ட அதிர்வுதாங்கிகள் சந்தைக்கு வந்தன. ஓட்டுநர் ஏறி அமர்ந்தவுடன் அத்தாங்கி தன் முழு இயக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை அமிழுமாறு காற்றடைக்க வேண்டும். அவ்வாறு அமிழ்ந்து நின்றால்தான் மேட்டில் சுருங்கவும் பள்ளத்தில் நீளவும் அதற்கு இடமிருக்கும். விலையுயர்ந்த தாங்கியை வாங்கி, கடையில் அடைத்த காற்றை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவாரும் உளர்!

வண்டி பொருந்தியபின் பயிற்சியைப் பற்றிப் பேசலாம். நாள்தோறும் மூச்சுத் திணற ஓட்டுவதே பயிற்சி என்று இளைஞர் எண்ணுவர். உண்மையில் பயிற்சியின் பெரும்பகுதி மெதுவானது. உடன்வருவாரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்தில் ஓட்டினால், இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு நாளடைவில் மிகுகிறது. தசைகளுள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. பேச முடியாது போனால் வேகம் மிகுந்துவிட்டது என்று அறியலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும், நான்கு நிமிடம் மேட்டில் வலிந்து ஏறி, இறங்கி இளைப்பாறி, அவ்வாறே நான்கு முறை செய்தல் போதும். ஞாயிறன்று நெடும்பயணம். ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். பயிற்சி தசையைச் சிதைக்கிறது. அதனை முன்னினும் வலிதாகக் கட்டுவது ஓய்வும் உறக்கமுமே. வயிறு, முதுகு ஆகியவற்றின் தசைகளுக்குத் தனியே உடற்பயிற்சி செய்வதும் வேண்டும். அவை தளர்ந்தவர் எடை முழுதும் கைமேல் சாய்வதால், மேலே கூறிய விரல் நோவு அவருக்கு மீண்டும் வரும்.

உணவையும் மறத்தலாகாது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த மாச்சத்து, கடும் உழைப்பில் ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் தீரத் தொடங்கும். அது தீர்ந்தவர்க்குக் கால் பின்னும், கண் மங்கும், மலையும் இருமடங்கு உயர்ந்தாற்போல் தோன்றும். பசி தோன்றுமுன்னரே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உண்பது வழக்கம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குச் சற்று மிகுதியாக உளது. விலைமிக்க பொட்டலங்களை நாடுவார் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஏற்றத்தில் உதவுவது பல்சக்கரம். இக்கால மலைவண்டியில் மிதிகட்டையோடு சேர்ந்த சக்கரத்திற்கு 32 பற்களும், பின்னே உள்ளவற்றுள் பெரியதற்கு 51 பற்களும், சிறியதற்கு 10 பற்களும் இருத்தல் உண்டு. பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். சங்கிலி பெரியதன்மேல் இருக்கையில் ஒரு மிதிசுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டரே செல்லும். சிறியதன்மேல் இருக்கையில் 7.3 மீட்டருக்கு மேல் செல்லும். மெதுவாகச் சென்றாலும் கால் எளிதாகச் சுழல்வதால் முழங்கால் தப்புகிறது. உங்கள் வண்டியின் பற்களை எண்ணி இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் மேலெழும். அதனைத் தடுக்க ஓட்டுநர் இருக்கையின் மூக்கிற்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்துவர். எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடியிழந்து வழுக்கும். இருக்கையின் மூக்கில் அமர்வதோ முன்சொன்ன அழுத்தத்தைத் தரும். இம்முரணைக் கண்டே, அண்மைக் காலத்தில் வண்டி செய்வோர் இருக்கைத்தண்டை முன்னினும் செங்குத்தாக நிறுத்தி, அமர்வோரை முன்னே கொணர்ந்துள்ளனர்.

இறக்கத்தில் இருக்கைக்கு வேலையில்லை. மிதிகட்டைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க, அவற்றின்மேல் எழுந்து, முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க இறங்க வேண்டும். அந்நான்கு மூட்டுகளே தலைசிறந்த அதிர்வுதாங்கிகள். உயர்ந்த இருக்கை இங்கே இடையூறாகும் என்பதால், ஒரு விசையை அழுத்தித் தாழ்த்தவும், மீண்டும் அழுத்தி உயர்த்தவும் கூடிய இருக்கைத்தண்டு இன்று பல வண்டிகளில் உளது. அஃது இல்லாதார் மலையுச்சியில் கையால் தாழ்த்தி, அடிவாரத்தில் உயர்த்திக்கொள்வர். பல நாள் முயன்று கண்ட உயரம் அப்போது தவறிப்போகாதிருக்க, தண்டின்மேல் வண்ணத்தாலோ ஒட்டுநாடாவாலோ ஒரு கோடு இட்டு வைப்பது அவர் வழக்கம்.